சும்மா பக்கத்தில் ஒருவர்

அன்புள்ள ஐயா,

கார் ராலி ஓட்டிய நாள்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைத் தவறாமல் படித்துவருகிறேன். எனக்கு இருபத்தாறு வயது. தொழிலாக அல்ல, ஓர் ஆர்வலனாக ராலியில் இறங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எந்தக் காரை வாங்குவது, எஞ்சினின் சக்தியை எவ்வளவு கூட்டுவது, இந்த வயதில் தொடங்குவது தாமதமா என்று சொல்ல வேண்டுகிறேன். சில மாதங்களாக வார இறுதிகளில், நள்ளிரவுக்குப் பிறகு, வண்டி நடமாட்டமில்லாத ஒரு மலைச்சாலையில் வளைவுகளைப் பழகிவருகிறேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்துக் காரைத் திருப்பவும் கற்றுக்கொண்டுவிட்டேன். நேவிகேட்டராகப் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும் என்கிறார்கள். அதில் சிக்கல் இல்லை. என் நண்பன் ஒருவன் சும்மாதான் இருக்கிறான், வந்து உட்கார்ந்துகொள்வான். ஓட்டுநராக நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில், வேறெதையோ தேடிப் பழைய பெட்டி ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தபோது, சுருள்கம்பி போட்ட ஒரு குறிப்பேடு கைக்கு வந்தது. என்னுடையது அல்ல, என் பக்கத்தில் ஆறு ஆண்டுகள் நேவிகேட்டராக அமர்ந்திருந்த நண்பருடையது. பென்சில் எழுத்துகள் மங்கியிருந்தன, ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சொல்லைச் சுற்றி மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வேளையில்தான் ‘சும்மாதான் இருக்கிறான், வந்து உட்கார்ந்துகொள்வான்’ என்ற உங்கள் வரியைப் படித்தேன். இல்லாவிட்டால் இரண்டு வரியில் முடிந்திருக்கும் பதில் இது.

முதலில் அந்த இரண்டு வரியை எழுதிவிடுகிறேன். இருபத்தாறு வயது தாமதமில்லை. எந்தக் கார் என்று கேட்டால், பழுதில்லாத, உதிரிபாகம் எளிதில் கிடைக்கிற, நீங்கள் பங்கேற்கும் போட்டியில் பலரும் ஓட்டுகிற ஒரு சாதாரணக் கார் போதும். எஞ்சினைத் தொடாதீர்கள், பிரேக்கையும் டயரையும் சஸ்பென்ஷனையும் ஒழுங்காக வைத்திருங்கள். இதில் மேற்கொண்டு பேச எதுவுமில்லை.

நள்ளிரவுப் பயிற்சியை உடனே நிறுத்துங்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ராலியில் முழு வேகத்தில் ஓட்டும் பகுதியான ஸ்டேஜ், போக்குவரத்தை நிறுத்தி, வழிநெடுக, பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷல்களை நிறுத்தி, மருத்துவ வண்டி தயாராக நின்ற பிறகே தொடங்குகிறது. ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்குப் போகும் சாலையில் உலக சாம்பியனும் சிவப்பு விளக்குக்கு நின்றுதான் போக வேண்டும். போட்டிக்கு முன் வழியைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் ரெக்கியிலும் வேகக் கட்டுப்பாடு உண்டு. நீங்கள் ஆளில்லாத சாலை என்று நம்பும் அந்த வளைவின் மறுபக்கத்தில் விளக்கில்லாத சைக்கிளில் ஒருவர் வீடு திரும்பிக்கொண்டிருக்கலாம். அவர் உங்கள் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர் அல்லர். ஹேண்ட்பிரேக் திருப்பத்தையெல்லாம் பயிற்சிக்கென்று ஒதுக்கிய மைதானத்தில், சொல்லித் தரும் ஒருவர் இருக்கும்போது, வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் ‘சும்மா’வுக்கு வருகிறேன்.

நேவிகேட்டர் என்பவர் காரின் எடையைக் கூட்டுவதற்கென்று விதிகளில் சேர்க்கப்பட்டவர் அல்லர். ரெக்கியின்போது ஓட்டுநர் ஒவ்வொரு வளைவையும் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் சுருக்கெழுத்துப் போல எழுதிக்கொள்கிறார்; பேஸ் நோட்ஸ் என்பது இதுதான். பரவலாக உள்ள முறையில் வளைவுகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுப்பார்கள். ஒன்று மிக ஒடுங்கியது, ஆறு ஏறக்குறைய முழு வேகத்தில் போகக்கூடியது. தலைகீழாக எண்ணுபவர்களும் இருக்கிறார்கள், இருவருக்கும் ஒன்றாக இருந்தால் சரி. ‘இடது 5, எண்பது, மேடு, வலது 4 இறுகும், வெட்டாதே’ என்று ஒரு வரி இருந்தால், எண்பது மீட்டர் தள்ளி ஒரு மேடு, அதைத் தாண்டியதும் போகப் போக ஒடுங்கும் ஒரு வலது வளைவு, அதன் உள்விளிம்பில் கல்லோ பள்ளமோ இருக்கிறது என்று பொருள். போட்டி நாளில் இதை அவர் வாசிக்கும்போது ஓட்டுநரின் கண்ணுக்கு அந்த மேட்டுக்கு அப்பால் எதுவும் தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி தாமதித்து வாசித்தால் ஐம்பது மீட்டருக்கு மேல் போய்விட்டது. இரண்டு நொடி முந்தி வாசித்தால் ஓட்டுநர் அதற்குள் மறந்துவிடுவார். குலுங்கும் காரில், கட்டைவிரலை வரிக்குக் கீழே வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் தாளைப் புரட்டி, நிமிர்ந்து சாலையைப் பார்க்காமலேயே கார் எங்கே இருக்கிறது என்பதை இடுப்பால் உணர்ந்து வாசிக்க வேண்டும். என் நண்பர் ஒவ்வொரு தாளின் கீழ்மூலையையும் முந்தைய இரவே மடித்து வைப்பார், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு புரண்டுவிடக் கூடாது என்பதற்காக. நான் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

குறிப்பேட்டில் வட்டமிட்டிருந்த சொல் ‘இறுகும்’. எங்கள் மூன்றாம் ஆண்டில், ஒரு மண்பாதை ஸ்டேஜில், அதற்கு முந்தைய நான்கு வளைவுகளும் நன்றாக அமைந்துவிட்ட மிதப்பில் நான் போய்க்கொண்டிருந்தேன். ‘வலது 4 இறுகும்’ என்று அவர் வாசித்தார். ‘வலது 4’ வரை கேட்டது. மிச்சத்தை நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லை என்று எனக்குள் யாரோ முடிவு செய்துவிட்டிருந்தார். வளைவு இறுகிய இடத்தில் ஸ்டியரிங்கை மேலும் திருப்பினேன். முன் டயர்கள் பிடி விட்டு நேராகவே போயின. கார் ஒரு வடிகால் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து நின்றது. இருவருக்கும் அடியில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விளக்குக் கண்ணாடி உடைந்ததா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் பெல்ட்டைக் கழற்றி இறங்கி, சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு வந்த வழியே ஐம்பது மீட்டருக்கும் மேலாக ஓடி அதை ஊன்றிவிட்டு, ‘ஓகே’ அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்றார். இரண்டு நிமிட இடைவெளியில் கார்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கார் அந்த மேட்டைத் தாண்டி வந்தபோது அவர் நிற்பதைப் பார்த்தே வேகம் தணித்து விலகிப் போனது. அட்டையில் ஒருபக்கம் ‘ஓகே’, மறுபக்கம் ‘எஸ்ஓஎஸ்’. பின்னதைக் கண்டால் வருகிறவர் போட்டியை மறந்து நின்றாக வேண்டும் என்பது விதி. எந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் தெளிவு அந்த நேரத்தில் எங்களில் ஒருவரிடம்தான் இருந்தது.

அன்று மாலை அவர் கோபப்படவில்லை. சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லை வட்டமிட்டுவிட்டு, “இது நீ சொன்ன சொல்தானே?” என்று மட்டும் கேட்டார். அதைத்தான் இன்றுவரை என்னால் கடக்க முடியவில்லை. ரெக்கியில் அதே வளைவை நிதானமாகப் பார்த்து, இறுகுகிறது என்று சொல்லி எழுத வைத்தவன் நான்தான். நிதானமாக இருந்தபோது நான் கண்டதை நிதானமிழந்திருந்த எனக்கு அவர் திருப்பிச் சொன்னார். அதைக் கேட்கவில்லையென்றால் நான் அவரை மட்டுமா மதிக்கவில்லை?

ஓட்டுநரின் வீரத்தைப் பற்றிய கதைகளை நம் இளைஞர்கள் நிறையப் படிக்கிறார்கள். 1955-இல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் சுமார் 1,600 கிலோமீட்டரைப் பத்து மணி ஏழு நிமிடத்தில் கடந்தார் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவருக்குப் பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர், ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள காகிதச் சுருளை ஒரு சிறு பெட்டிக்குள் உருளைகளில் மாட்டி, சுழற்றிச் சுழற்றிப் படித்துக்கொண்டே வந்தார். எஞ்சின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் ஒவ்வொரு குறிப்பையும் கைச்சைகையாகக் காட்டினார். வழியில் வாந்தியெடுத்து, காற்றில் மூக்குக்கண்ணாடியைப் பறிகொடுத்து, வைத்திருந்த மாற்றுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி சுருளைச் சுழற்றினார். மாஸ் ஓட்டிய அதே நிறுவனத்தின் அதே வகைக் காரில் தனியாக ஓட்டிய ஃபாஞ்ஜியோ என்ற பந்தய ஓட்டுநர் இரண்டாவதாக வந்தார், அரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி. அவருடைய எஞ்சினில் கோளாறு இருந்தது என்பதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஆனாலும் அரை மணி நேரம் அரை மணி நேரம்தான். மில்லே மிலியா ராலி அல்ல, சாலைப் பந்தயம் என்று யாராவது எனக்குத் திருத்தம் எழுதக்கூடும். தெரியும். இன்று ராலியில் நேவிகேட்டர் செய்யும் வேலைக்கும் அந்தச் சுருளுக்கும் என்ன உறவு என்று அவர்களே யோசிக்கட்டும். 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது முறை உலக ராலி சாம்பியனான செபாஸ்டியன் லோப் அந்த ஒன்பது முறையும் ஒரே குரலைக் கேட்டுத்தான் ஓட்டினார், டேனியல் எலெனாவின் குரலை. ராலியில் நேவிகேட்டருக்கும் தனியே உலகப் பட்டம் உண்டு, க., உங்கள் நண்பர் எந்த இருக்கைக்கு வருகிறார் என்பது அவருக்குத் தெரியுமா?

ஓட்டுநராக எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்து இருக்கையிலிருந்து தொடங்குங்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 1981-இல் இத்தாலியின் சான்ரேமோ ராலியில் வென்று, உலக சாம்பியன்ஷிப் ராலி ஒன்றை வென்ற முதல் பெண் ஆன மிஷேல் மூட்டோன், அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக ராலி காரில் ஏறியது நேவிகேட்டராகத்தான். நானோ தலைகீழாகச் செய்தேன். பள்ளத்துக்குப் போன காரைச் சரிசெய்யும் வழியில்லாமல் விற்ற பிறகுதான் ஒரு பருவம் முழுவதும் வேறொருவருக்கு நேவிகேட்டராக அமர்ந்தேன். முதல் போட்டியிலேயே என் லட்சணம் தெரிந்துவிட்டது. நேரத்தைப் பதிவு செய்யும் இடமான டைம் கண்ட்ரோலில் நமக்குக் குறித்த நிமிடத்தில்தான் டைம் கார்டை நீட்ட வேண்டும். உலக சாம்பியன்ஷிப் விதிகளில் ஒரு நிமிடம் பிந்தினால் பத்து நொடி அபராதம், ஒரு நிமிடம் முந்தினாலோ அறுபது நொடி. எங்கள் போட்டியிலும் அதே கணக்குதான். நான் கூட்டலில் ஒரு நிமிடம் தவறி, பெருமிதத்தோடு கார்டை முன்னதாக நீட்டினேன். அன்று முழுவதும் வளைவுக்கு வளைவு அரை நொடியும் கால் நொடியுமாக என் ஓட்டுநர் சேர்த்ததெல்லாம் அந்த ஒரு நீட்டலில் போயிற்று. அவர் எதுவும் சொல்லாமல் தண்ணீர்ப் பாட்டிலை என்னிடம் கொடுத்தார். அதற்கடுத்த நாள்தான் என் பழைய நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

உங்கள் பகுதியின் மோட்டார் விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்து, முதலில் ஒரு போட்டிக்கு மார்ஷலாகப் போய் நில்லுங்கள். கார்கள் எங்கே, ஏன் சாலையை விட்டு விலகுகின்றன என்பதை ஒரே நாளில் பார்த்துவிடலாம். பிறகு நேரம், வேகம், தூரம் ஆகியவற்றின் கணக்கில் நடக்கும் டிஎஸ்டி ராலிக்கு வாருங்கள். அதில் வேகம் பொருட்டே அல்ல. கொடுத்த சராசரி வேகத்தில், கொடுத்த வழியில், மறைவாக இருக்கும் சோதனை இடங்களைச் சரியான நொடியில் கடக்க வேண்டும்; முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி போகும். சராசரி 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்குப் பத்து மீட்டர், 12.6 கிலோமீட்டருக்குச் சரியாக 21 நிமிடம். உங்கள் காரின் தூரம் காட்டும் ஓடோமீட்டர் நூற்றுக்கு இரண்டு பங்கு பிசகினால், 50 கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர், அதாவது நூறு நொடி, கணக்கில் காணாமல் போயிருக்கும். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு 400 மீட்டர் போய்த் திரும்பி வந்தால் எண்பது நொடி. இந்தக் கணக்கைக் காருக்குள் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். கார் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக் கூடான ரோல் கேஜோ தீப்பிடிக்காத உடையோ இதற்குத் தேவையில்லை. வீட்டுக் காரும் இரண்டு பேரும் ஒரு நிறுத்தக் கடிகாரமும் போதும். ஒரு போட்டியில் நீங்கள் ஓட்டினால் அடுத்ததில் உங்கள் நண்பர் ஓட்டட்டும், நீங்கள் வழிக்குறிப்புகள் அடங்கிய ரோட் புக்கை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கேஜ், ஹெல்மெட், கழுத்துப் பாதுகாப்பு, போட்டி உரிமம் ஆகியவற்றைக் கேட்கும் ஸ்டேஜ் ராலியெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தப் பதிலை உங்கள் நண்பரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவரை ஒருமுறை காரில் ஏற்றி, வளைவுகள் உள்ள ஒரு சாலையில், விதித்த வேகத்துக்குள் நீங்கள் ஓட்ட, அவர் ஒரு புத்தகத்தை மடியில் வைத்து உரக்க வாசித்துக்கொண்டு வரட்டும். பத்து நிமிடத்தில் அவருக்குத் தலை சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு இடம் மாறி, நீங்கள் வாசியுங்கள்.