கேள்வி – பதில்: மண் சரிந்த ஊரில் நம்பிக்கை

கேள்வி: மீரியபெத்த மண்சரிவில் போனவர்களுக்காக எங்கள் கோவில் கமிட்டி ஒக்டோபரில் நினைவுப் பூசை வைக்கிறது. வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்தின் மேல் மேடு சரிந்ததாமே, அந்தச் சனம் எப்படி நிமிர்ந்தது? பூசையோடு நாங்கள் வேறென்ன செய்யலாம்? மழை வந்தால் லயத்துப் பிள்ளைகள் தூங்குவதே இல்லை.
- வாசகி, பண்டாரவளை

பதில்: அந்த ஊர் அபர்ஃபான். 1966 ஒக்டோபர் 21 காலை, நிலக்கரிக் கழிவைக் கொட்டிக் குவித்த மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் பிள்ளைகள். மேட்டை எழுப்பியதே நீரூற்றின் மேல். பொறுப்பு தேசிய நிலக்கரிச் சபையுடையது என்று 1967இல் விசாரணை மன்றம் சொன்னது. விதி என்று சொல்லி அந்தப் பெற்றோரைத் தேற்ற முடியவில்லை. மிச்ச மேடுகளையும் அகற்று என்று போராடித்தான் ஓய்ந்தார்கள். அந்தச் செலவுக்கு, சனம் அள்ளிக்கொடுத்த நிவாரண நிதியிலிருந்தே அரசு 150,000 பவுண் எடுத்தது. 1997இல்தான் திருப்பிக் கொடுத்தது, வட்டி இல்லாமல்! அழிவுக்குப் பிறகு ஊர் ஆண்கள் கூடித் தொடங்கிய பாடகர் குழுவும் அந்த ஊரைத் தாங்கியது.

உங்கள் பூசைக்கு வருவோம். மீரியபெத்தவில் மண் சரிந்த 2014 ஒக்டோபர் 29 ஐப்பசி வளர்பிறை சஷ்டி, சூரசம்மார நாள். திதி பார்த்துத் திவசம் கொடுப்பவர்களுக்கு ஆண்டுதோறும் சூரசம்மாரத்தன்றே வரும். 29ஆம் திகதியோடு பொருந்தாது. ஆகவே திவசத்தைத் திதியில் காலையிலேயே முடியுங்கள், மாலையில் கோவிலில் கூட்டம் இருக்கும். ஊர்ப் பொது நினைவை 29இல் வையுங்கள். வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பங்களும் வர அதுவே வசதி. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து தகனம் செய்யும் முறை உண்டு. அது நடக்காத வீடு இருந்தால் திவசத்துக்கு முன் குருக்களிடம் பேசுங்கள்.

பிள்ளைகளிடம் "பயப்படாதே" என்பதைவிட ஒரு வேலை கொடுங்கள். நேர்ச் சுவருள்ள பிளாஸ்டிக் சோடாப் போத்தலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடி மேடு பள்ளமாக இருப்பதால் சிறுகல் போட்டு, சுவர் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியக் கோடு கீறி அளவுகோலை ஒட்டுங்கள். கூரைத் தண்ணீரும் மரச்சொட்டும் விழாத வெளியில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அளவு பொய்யாகும். தினமும் காலை 8.30க்குப் பார்த்து எழுதி, பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மழை கொட்டினால் மணிக்கொரு தரம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம்தான். ஆனால் ஊற்று திடீரெனக் கலங்கினாலோ, கதவு இறுகினாலோ, மேட்டில் வெடிப்பு விழுந்தாலோ போத்தலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே வீட்டைவிட்டு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.