காப்பு கட்டிய மூன்றாம் நாள்

அன்புள்ள அக்கா,

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம். அப்பா இருபது வருஷமாகக் குடிக்கிறார். காலையில் கை நடுங்காமல் இருக்கவே ஒரு கிளாஸ் வேண்டும். போன மாதம் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டி, ஒரு சொட்டும் தொடவில்லை. மூன்றாம் நாள் இரவு, லயத்துச் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். என்னையே யாரென்று கேட்டார். பேய் பிடித்துவிட்டதென்று பூசாரியைக் கூப்பிட்டார்கள். கடைசியில் மாமா ஊற்றிக் கொடுத்த சாராயத்தில்தான் அடங்கினார். இப்போது முன்னைவிட அதிகம் குடிக்கிறார். சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு மருந்து இருக்கிறதாம். வாங்கட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

அந்த மருந்து வேண்டவே வேண்டாம். அது டைசல்பிராமாக இருக்கலாம். டாக்டர் சொல்லி, குடிப்பவரே தெரிந்து விழுங்கினால் உதவும். தெரியாமல் உள்ளே போய் அதன்மேல் சாராயமும் போனால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வரும், ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். உயிருக்கே ஆபத்து.

அப்பாவைப் பிடித்தது பேயில்லை. தினமும் சாராயம் மூளையை மந்தப்படுத்த, அதற்கு ஈடுகொடுக்க மூளை தன்னை முறுக்கேற்றியே வைத்துக்கொள்ளும். சாராயம் திடீரென்று நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். முதல் நாளே நடுக்கம், வேர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 72 மணித்தியாலத்தில் சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும், சொந்தப் பிள்ளையையே அடையாளம் தெரியாது. டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். வைத்தியம் இல்லாமல் இதிலேயே இறந்துபோகிறவர்கள் உண்டு. சாமி குத்தம் என்று சொல்லி நம் தோட்டங்களில் எத்தனை பேரைப் புதைத்திருப்போமோ என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அதனால் போத்தலை ஒளித்து வைக்காதே, ஒரேயடியாக நிறுத்தவும் சொல்லாதே. காசில்லையென்று கசிப்புக்கு, அதுதான் கள்ளச் சாராயத்துக்கு, போகவும் விடாதே. அதில் மெத்தனோல் கலந்திருந்தால் கண் பார்வையே போய்விடும். உங்களுக்குக் கிட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், அந்த மூன்றாம் இரவு என்ன நடந்தது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல். இப்படிப்பட்டவர்களை வார்டில் சில நாள் வைத்து, மூளையை அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். விட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். அது குறைந்தால் நடை தள்ளாடும், ஞாபகம் அழியும். கண் மஞ்சளானாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, வலிப்போ, மறுபடி உளறலோ வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே. 1990க்கு அடி, அம்புலன்ஸ் வரும், அதற்கும் காசில்லை.

வீட்டுக்கு வந்த அப்புறம்தான் நீண்ட வேலை. கிளினிக்கை விடக்கூடாது. பலர் மறுபடி குடித்து, மறுபடி நிறுத்தித்தான் மீள்கிறார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது, போதைப் பழக்கத்துக்கென்றே 1927 இருக்கிறது.

சரி, அந்த இரவைப் பற்றி அப்பாவிடம் யாராவது பேசினீர்களா? தனக்குப் பைத்தியம் என்று பயந்துதான் இப்போது அதிகமாகக் குடிக்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் நிதானமாக இருக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார். மூன்று நாள் அவர் தன் மனதால் தாங்கினார், உடம்புக்குத்தான் மருந்து தேவைப்பட்டது என்று நீயே சொல்.