சாய்தளம் எத்தனை அடி? (வாசகர் கடிதம்)

வணக்கம் ஐயா,

அரசு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்குக் கட்டடக்கலை பற்றிச் சொல்லித்தர ஆசை. தஞ்சைப் பெரிய கோயிலைத் தெர்மோகோலில் செய்ய வைக்கலாமா? எல்லோரையும் வரவேற்கும் கட்டடம் என்றால் என்னவென்று இந்த வயதில் எப்படிப் புரியவைப்பது?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தெர்மோகோல் வேண்டாம். பாதி வேலையை அப்பாக்கள் செய்வார்கள், கண்காட்சி முடிந்ததும் கோயில் பீரோ மேல் ஏறிவிடும். உங்கள் பள்ளிக் கட்டடமே போதும். கூட ஒரு டேப்பும் சாக்பீஸும்.

வாசலிலிருந்து தொடங்குங்கள். மைதானத்திலிருந்து வகுப்பறைத் தளம் எவ்வளவு உயரம் என்று பிள்ளைகளே அளக்கட்டும். 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு 1:12 கணக்கு, அதாவது ஒரு செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம். ஆக 540 செ.மீ., ஏறக்குறைய 18 அடி. அந்த நீளத்துக்குத் தரையில் கோடு போட்டுவிட்டு, இப்போது இருக்கும் சாய்தளத்தை அளக்கச் சொல்லுங்கள். ஆள் ஏறுவதற்குக் கட்டினார்களா, பில் போடுவதற்குக் கட்டினார்களா என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். (தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.)

அப்புறம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு சுற்றட்டும். குழாய் எட்டுகிறதா? ஜன்னல் வழியே அதற்கு என்ன தெரிகிறது? பேரனைக் கூப்பிட வரும் பாட்டி எங்கே உட்காருவார்? இங்கே திண்ணை பற்றிப் பேச்சு வரும். வழிப்போக்கருக்கான இடம் என்று பெருமையாகச் சொல்வோம். எல்லா வழிப்போக்கரையும் அது உட்காரவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு நன்றாகவே புரியும்.

படம் காட்டுவதென்றால் வங்கதேசத்தில் ருத்ராபூர் கிராமத்துப் பள்ளியைக் காட்டுங்கள். அன்னா ஹெரிங்கரும் ஐக்கே ரோஸ்வாகும் வடிவமைத்து, 2005இல் உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து கட்டியது. கீழ்த்தளம் வைக்கோல் கலந்த மண்சுவர், மேல்தளம் மூங்கில். வகுப்பறைச் சுவரில் உள்ள ஓட்டைக்குள் நுழைந்தால் பின்னால் குகை போன்ற இடங்கள். பிள்ளைகள் ஊர்ந்துபோய் அங்கே தனியாக உட்காரலாம், கூட்டமாகவும் அடைந்துகொள்ளலாம். மண்சுவர் என்றாலே வறுமை என்று நினைக்கும் நம் பெற்றோர்களுக்கும் அந்தப் படங்களைக் காட்டலாம்.

கடைசியில் பிள்ளைகளே ஓர் அறையை வடிவமைக்கட்டும். தாளில் வேண்டாம், மைதானத்தில் முழு அளவில் சாக்பீஸால் வரையட்டும். வாசலைக் குறுகலாக வரைந்தவனைக் கையில் ஒரு நாற்காலியோடு உள்ளே போகச் சொல்லுங்கள். கோட்டில் இடித்தால் அழித்துவிட்டு அகலமாகப் போடுவான். மழை தொடங்குவதற்குள் செய்துவிடுங்கள், சாக்பீஸ் நிற்காது.