ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனசுக்கு வைத்தியம்: கேள்வி பதில்

நெஞ்சு படபடப்புக்குப் போனேன். ஈசிஜி சரியாக இருக்கிறது, ஒண்ணுமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுபடி போவதா?

போங்கள். காலை ஓ.பி.யில் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். படபடப்பு என்றதும் டாக்டர்களான எங்கள் கவனம் இதயத்துக்குத்தான் ஓடும். நம் ஊரில் மனசு நேராகப் பேசாது. வயிறு எரியும், தலை கனக்கும், கைகால் குடையும். அதனால் "விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வருகிறது, ஒரு மாதமாக எதிலும் ஈடுபாடில்லை" என்பதை முதலில் சொல்லுங்கள். கூட்டம் குறைந்தபின் போங்கள். தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரி வேஷம் போடும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நானும் பலரிடம் "ஒண்ணுமில்லை" என்றிருக்கிறேன். ஈசிஜியைத்தான் சொன்னேன். தங்களைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு சிலர் திரும்பி வரவேயில்லை.

மனநல மருத்துவர் அங்கேயே இருப்பாரா?

தினமும் இருக்க மாட்டார். மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்தக் கிழமை, எங்கே வருகிறது என்று நர்சிடம் கேளுங்கள்.

மனச்சோர்வு மாத்திரையைப் பத்து நாளாகச் சாப்பிடுகிறேன், குமட்டல்தான் மிச்சம். நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மாத்திரையில் குமட்டல் முதலில் வரும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்துக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் அல்பிரசோலம் கேட்டு வாங்கவும் வேண்டாம். அது பழகிவிடும்.

இப்போது நன்றாக இருக்கிறேன், நிறுத்தலாமா?

மேலே பாருங்கள். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும்.

தங்கையை தர்காவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார் அம்மா.

போய் வரட்டும். மாத்திரையும் கூடப் போகட்டும்.

டாக்டரே இப்படி மூடநம்பிக்கைக்குத் துணை போகலாமா? ஏர்வாடி மறந்துவிட்டதா?

மறக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கிடந்ததால் தீயிலிருந்து ஓட முடியவில்லை. என் சண்டை சங்கிலியோடு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதைத் தடுக்கிறது. ஆனால் அதே ஏர்வாடி தர்காவில் துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் கொடுக்கும் அரசுத் திட்டம் வந்தது. அந்த அம்மாவிடம் சாமியா மாத்திரையா என்று கேட்டால் சாமி என்றுதான் சொல்வார். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு யார் மருந்து கொடுப்பது?

அப்போ பேய் ஓட்டுவதும் சரியா?

அடித்தால் தப்பு. இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ராத்திரியில் பேச ஆள் வேண்டும்.

14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். ஒரு வாரம் மாத்திரையை விட்டால்?

மூன்றாவது தடவை! பையில் போட்டுக்கொண்டு போங்கள்.