கேள்வி–பதில்: திண்ணைப் பள்ளியும் மெக்காலேயும்

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மெக்காலே பேசியதாக ஒரு செய்தி அடிக்கடி வருகிறது. இந்தியா முழுக்கச் சுற்றியும் ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இவர்களை அடக்க வேண்டுமென்றால் இவர்கள் கல்வியை மாற்ற வேண்டும் என்று 1835 பிப்ரவரி 2-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினாராம். இது உண்மையா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: இல்லை அம்மா, பொய். அந்தத் தேதியில் அவர் லண்டனிலேயே இல்லை. 1834-ல் கவர்னர் ஜெனரல் குழுவின் சட்ட உறுப்பினராகக் கப்பலில் வந்து சென்னையில் இறங்கி, பல்லக்கில் ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்த்துவிட்டுக் கல்கத்தா போனவர், 1838 வரை இந்தியாவில்தான் இருந்தார். 1835 பிப்ரவரி 2 என்பது கல்கத்தாவில் அவர் தன் கல்விக் குறிப்பை எழுதிய தேதி. அந்த நிஜக் குறிப்பே போதுமான அளவுக்குக் கோபம் வரவழைக்கும், அதற்கு மேல் பொய் எதற்கு? 1813-ம் வருடச் சட்டப்படி இந்தியர் கல்விக்காக வருடத்துக்கு ஒரு லட்ச ரூபாய் ஒதுக்க வேண்டும், அதை சமஸ்கிருத, அரபுப் படிப்புக்குக் கொடுப்பதா ஆங்கிலத்துக்குக் கொடுப்பதா என்பதுதான் அங்கே வழக்கு. தனக்கு சமஸ்கிருதமும் தெரியாது, அரபியும் தெரியாது என்று அதே குறிப்பில் ஒப்புக்கொண்டுவிட்டு, நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே அலமாரி, இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடு என்கிறார். ரத்தத்திலும் நிறத்திலும் இந்தியராக, ரசனையிலும் கருத்திலும் ஆங்கிலேயராக ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அடுத்த மாதமே பெண்டிங் உத்தரவு போட்டுவிட்டார்.

ஆனால் ஊர்களில் படிப்பின் போக்கை உண்மையில் திருப்பியது 1844-ல் வந்த கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சின் உத்தரவு என்பது என் கருத்து. ஆங்கிலம் படித்தவருக்கே அரசு வேலையில் முன்னுரிமை என்று அது சொன்னது. மாதச் சம்பளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, பிள்ளையையும் அந்தப் பக்கம்தானே அனுப்புவார்கள்.

கேள்வி: வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் நம் நாட்டில் எல்லோரும் படித்திருந்தார்கள் என்கிறார் என் நண்பர், ஒருவருமே படிக்கவில்லை என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், விருதுநகர்

பதில்: ஐயா, இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எல்லா மாவட்டக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-ல் அவர் தொகுத்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மக்கள்தொகை 1,28,50,941. அதாவது ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலைக்குப் போய், ஆத்திசூடியும் எண்சுவடியும் மனப்பாடம் செய்த திண்ணைப் பள்ளிகள்தான் பெரும்பாலும். தமிழ் மாவட்டங்களில் பிராமணப் பிள்ளைகளைவிட மற்ற சாதிப் பிள்ளைகளே அவற்றில் அதிகம் இருந்தார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பார்த்துத்தான், எழும்பூரில் அநாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல் தன் பள்ளியில் அதைச் செய்துபார்த்து, இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். அங்கே அதற்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'.

இதுவரைக்கும் உங்கள் நண்பர் பக்கம். ஆனால் அதே கணக்கில் பெண் பிள்ளைகள் மிகமிகக் குறைவு. வீட்டில் படித்தவர்களைச் சேர்த்தாலும், படிக்கும் வயதுப் பையன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ கல்வி கிடைத்தது என்பதற்கு மேல் மன்றோவே சொல்லவில்லை.

அப்புறம் ஒன்று, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பள்ளிகள் ஏன் தேய்கின்றன என்பதற்குப் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-லேயே காரணம் எழுதினார்: நாடு மெல்ல மெல்ல ஏழையாகிறது, ஐரோப்பியத் துணி வந்ததால் நெசவாளர் பிழைப்பு போயிற்று, பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டரே கொடுத்த வாக்குமூலம் இது.

கேள்வி: குமாஸ்தாக்களை உருவாக்க வந்த ஆங்கிலக் கல்வியிலிருந்து தேசிய இயக்கம் எப்படிப் பிறந்தது?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்கள் ஊரிலேயே பாதி விடை இருக்கிறது, கடைசியில் அங்கே வருகிறேன். 1878-ல் முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் தாக்கின. ஆத்திரப்பட்ட ஆறு இளைஞர்கள், இரண்டு ஆசிரியர்களும் நான்கு சட்ட மாணவர்களும், ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 80 பிரதி அச்சிட்டார்கள். அதுதான் 'தி இந்து'. அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1885-ல் காங்கிரஸின் முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். ஆனால் நான் அவரைப் பெரிதாக நினைப்பது வேறு காரணத்துக்காக: ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் யாருக்குப் போய்ச் சேரும் என்று யோசித்து 1882-லேயே 'சுதேசமித்திரன்' தொடங்கினார். 1904-ல் அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர் பாரதி. ஆங்கிலப் படிப்பால் அப்பாவுக்கு ஆயிரம் செலவானது, தனக்குத் தீமைதான் பல்லாயிரம் சேர்ந்தது என்று நொந்து பாடியவரும் அவர்தான், ஷெல்லியைப் படித்து மயங்கி 'ஷெல்லிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டவரும் அவர்தான். அந்த மனநிலை எனக்குப் புரிகிறது, பிடித்ததும் வலித்ததும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கின்றன.

இனி உங்கள் ஊர். வ.உ.சி. வக்கீல், ஆங்கிலச் சட்டம் படித்தவர். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அது வியாபாரிகளும் படித்தவர்களும் பேசும் விஷயம். 1908-ல் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் கூட்டமாகத் தமிழில் பேசியபோது கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள், வ.உ.சி.யும் சிவாவும் கைதானதும் திருநெல்வேலியே எரிந்தது. அந்தத் தொழிலாளர்களில் எத்தனை பேர் மெக்காலேயின் பள்ளிக்குப் போயிருப்பார்கள் சொல்லுங்கள்.

கேள்வி: தேசியவாதிகள் நடத்திய பள்ளிகளாவது எல்லோரையும் சமமாக நடத்தினவா?
– மாணவர், கோவை

பதில்: எல்லா இடத்திலும் இல்லை தம்பி, அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. வ.வே.சு. ஐயர் பெரிய தியாகி. அவர் 1922-ல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்துக்குக் காங்கிரஸ் நிதியிலிருந்து 5,000 ரூபாய் போனது. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை விடவில்லை. எத்தனையோ சமாதானம் சொல்லப்பட்டது, ஆனால் நாட்டுக்காகப் பொதுவில் திரட்டிய பணத்தில் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்தது தவறு, இதில் இரண்டாவது பேச்சு இல்லை. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார். சாதியால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அதற்கு 30 வருடம் முன்பே, 1894-ல், பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் சென்னையில் பள்ளி திறந்தார், அந்த முயற்சியில் அயோத்திதாசர் கூட நின்றார்.

அரசாங்கம் ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. கட்டாய ஆரம்பக் கல்வி வேண்டும் என்று கோகலே 1911-ல் மசோதா கொண்டுவந்தார். அப்போது நாட்டில் நூறில் ஆறு பேருக்குத்தான் எழுத்து தெரியும். 1912-ல் 38-க்கு 13 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள்.

கேள்வி: பெண்கள் இந்தக் கதையில் எங்கே?
– இல்லத்தரசி, புதுக்கோட்டை

பதில்: உங்கள் ஊர் மகாராஜா கல்லூரியில்தான் அம்மா. முத்துலட்சுமி ரெட்டியை அங்கே சேர்த்தபோது, பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது, மன்னர் கேட்கவில்லை. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டரானார், 1927-ல் சட்டசபை உறுப்பினரானார், தேவதாசி முறையை ஒழிக்க அங்கே போராடினார். 1930-ல் காந்தி கைதானதும் அந்தப் பதவியைத் தூக்கிப்போட்டுவிட்டு வெளியே வந்தார்.