ராம் பலகையில் எவ்வளவு தங்கம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உக்கடத்துல எடைக்கு வாங்குன பழைய ராம் (கம்ப்யூட்டர் மெமரி) பலகை இரண்டு கிலோ இருக்குதுங்க. வீட்டுலயே ஆசிட் ஊத்தித் தங்கம் எடுக்கலாங்களா? எவ்வளவு தேறும்? – வாசகர், பல்லடம்

பதில்: முதலில் கணக்கு. கம்ப்யூட்டரில் செருகும் விளிம்பிலுள்ள பட்டைகளில் தங்க முலாம் மிஞ்சிப்போனால் 0.75 மைக்ரான் தடிமன். ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 1.4 மில்லிகிராம். ஒரு பலகையின் இரு பக்கமும் சேர்ந்து 5 சதுர செ.மீ. என்றால் 7 மில்லிகிராம். உங்கள் இரண்டு கிலோவில் நூறு பலகை இருந்தாலும் முக்கால் கிராம் தாண்டாது; மலிவான பலகையில் பாதிகூட வராது. ஒரு பவுன் சேர ஆயிரம் பலகைக்கு மேல் வேண்டும். போர்டு முழுக்க மஞ்சளாக மின்னுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்த முலாமின் தடிமன் பட்டை முலாமில் பத்தில் ஒரு பங்குதான்.

தங்கத்தைக் கரைப்பது முதல் வேலையல்ல. அடியிலுள்ள செம்பையும் நிக்கலையும் கரைத்தால் தங்கம் மெல்லிய தாளாகத் தானே கழன்றுவிடும். பட்டையை மட்டும் வெட்டி எடுங்கள். சிப்பும் ஈயப்பற்றும் சேரக் கூடாது. கண்ணாடிச் சாடியில் போட்டு, 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு விரற்கடை மேலே நிற்கும்படி ஊற்றி, மருந்துக்கடையில் விற்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 30 மில்லி சேருங்கள். அது தொடங்கி வைக்க மட்டுமே. பிறகு மீன்தொட்டிப் பம்பால் காற்று விட்டாலே போதும்: கரைந்த செம்பே மீதிச் செம்பை அரிக்கும், நீர் கரும்பச்சையாகும். அவசரப்பட்டுப் பெராக்சைடைக் கூட்டினால் தங்கமும் கரையும். ஒரு வாரம் பொறுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு சேரும். அமில ஆவி பட்ட இரும்பெல்லாம் துருப்பிடிக்கும் என்பதால் பம்பு தள்ளியே இருக்கட்டும்.

வடிகட்டும்போது முதல் கழுவலுக்குத் தண்ணீர் கூடாது. நீர் பட்டதும் வெள்ளை மாவாகச் செம்பு உப்பு படிந்து தாளோடு ஒட்டும். முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அலசி, பிறகு தண்ணீர். அடியில் கருப்புத் தூள் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். கரைந்த தங்கம் செம்பின்மேல் திரும்பப் படிந்ததாக இருக்கலாம்.

இதுவரைக்கும்கூட வீட்டுக்குள் வேண்டாம். ஆள் புழங்காத திறந்த வெளியில், கண் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுச் செய்யுங்கள். தங்கத் தாளைக் கரைத்துச் சுத்தமாக்கும் அடுத்த கட்டம் புகைப்போக்கியுள்ள பட்டறைக்கே உரியது. அரை கிராம் தாளுக்கு ஹைட்ரோகுளோரிக் 20 மில்லி, அதில் நைட்ரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக 1 மில்லிக்குள். அப்போது எழும் செம்பழுப்புப் புகையைச் சுவாசித்தவர் அன்று நன்றாக நடமாடுவார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகலாம். இதனால்தான் வீட்டில் வேண்டாம் என்கிறோம். மிஞ்சிய நைட்ரிக்கை சல்ஃபாமிக் அமிலத்தால் முறித்து வடிகட்டியபின், சோடியம் மெட்டாபைசல்ஃபைட் ஒரு கிராம் போட்டால் தங்கம் பழுப்புத் தூளாக இறங்கும். நைட்ரிக் முறியாவிட்டால் இறங்கியது மறுபடி கரையும். ஸ்டானஸ் குளோரைடு ஒரு சொட்டு விட்டு ஊதா நிறம் வந்தால் நீரில் இன்னும் தங்கம் இருக்கிறது. கழுவிய தூளை வெண்காரம் தடவிய மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணம்) உருக்கலாம். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும்.

கேள்வி: போர்டை முழுசா நைட்ரிக்கில் போட்டேன். கஞ்சி மாதிரி ஆகி வடியவே மாட்டேங்குது. – வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: பற்றவைப்பிலிருந்த வெள்ளீயம் நைட்ரிக்கில் கரையாது, வெள்ளைக் கூழாகும். தங்கத் துணுக்குகள் அதற்குள் சிக்கியிருக்கும். இருமடங்கு தண்ணீர் சேர்த்துச் சில நாள் அசையாமல் வைத்து, தெளிந்ததை மேலாக இறுத்தெடுங்கள். கூழை எறியாமல் சுத்திகரிப்புப் பட்டறையில் கொடுங்கள். இனிமேல் ஈயப்பற்று ஒட்டிய எதையும் நைட்ரிக்கில் போடாதீர்கள்.

கேள்வி: மிஞ்சிய பச்சைத் தண்ணீரைத் தோட்டத்து ஓரம் ஊற்றலாமா? – வாசகி, அவிநாசி

பதில்: கூடவே கூடாது. செம்பும் நிக்கலும் மண்ணில் மக்காது. சாயக் கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் என்ன செய்தது என்பதைப் பார்த்த ஊர் நம்முடையது. பழைய இரும்பைப் போட்டுவைத்தால் செம்பு அதன்மேல் படியும். பிறகு சலவைச் சோடாவைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்து, பி.எச். (அமில, கார அளவு) 9 வரும்போது அடியில் படியும் சேற்றை உலர்த்தி, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். தொழிலாகவே செய்வதானால், 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு வேண்டும்.