கிரீஸும் ஜெர்மனியும் ஒரே யூரோவை வைத்துக்கொண்டு ஏன் மோதிக்கொண்டன?

தனி நாணயம் இருந்தால், கடனில் சிக்கிய நாடு அதன் மதிப்பைக் குறைத்து, ஏற்றுமதியைக் கூட்டி மூச்சு விடலாம். 2001-இல் தன் பழைய நாணயமான திராக்மாவை விட்டு யூரோவுக்கு மாறிய கிரீஸுக்கு, கடனில் சிக்கியபோது அந்த வழி இல்லை. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டினார்கள். 2013-இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது.

பட்ஜெட் பற்றாக்குறையை மறைத்த நாட்டுக்கு நம் வரிப்பணமா என்று ஜெர்மனியர்கள் கொதித்தார்கள். சரி, நியாயமான கோபம்தான். ஆனால் 2010-இல் கிரீஸுக்கு அறிவித்த 11,000 கோடி யூரோ உதவியில் பெரும்பகுதி பழைய கடனை அடைக்கவே போனது. அதைப் பெற்றவர்களில் பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகளும் உண்டு. யோசிக்காமல் கடன் கொடுத்தவர்களும் இதற்குப் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

2015 ஜூலையில் கிரீஸில் நடந்த வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர், உதவிக்காகக் கடன் கொடுப்பவர்கள் வைத்த நிபந்தனைகளை நிராகரித்தார்கள். எட்டே நாளில் அரசு அதைவிடக் கடுமையானவற்றை ஏற்றது. யூரோவை விட்டால் வங்கிகள் சரிந்துவிடும் என்ற பயம்தான் காரணம்.